ஐம்பத்தொன்றில் ஓர் அட்மிஷன்

மார்ச் 3

டென்னிசனின் தொல்லை தாங்க முடியாமல் இன்று விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டேன். ஏற்கெனவே பதிவு பெற்ற நர்ஸுகளுக்கான ஆன்லைன் பட்டப்படிப்பு. வேலையை விடவேண்டாம், வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் ஒரு பெண் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். பன்னிரண்டு மணிநேர டியூட்டி பார்த்தவள் யாரும் அப்படிச் சிரிக்க மாட்டாள்.

என்னிடம் இருப்பது டிப்ளமோ. குமரி மாவட்டத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் நர்ஸிங் பள்ளியில் படித்து வாங்கியது. அதை வைத்துத்தான் சவுதியில் ஆறு வருடம், இங்கே ஹூஸ்டனில் பத்தொன்பது வருடம். இடுப்பும் முழங்காலும் மாற்றிவைத்துக்கொண்டு வருகிறவர்களை எழுப்பி நடக்கவைப்பது என் வார்டில் வேலை. அதற்குப் பட்டம் கேட்பதில்லை. முதுகை மட்டும் கேட்கிறது.

உட்கார்ந்து பார்க்கிற கேஸ் மேனேஜர் வேலைக்குப் போக வேண்டுமானால் பட்டம் வேண்டும். நானா கேட்டேன்? இவர்தான்.

"எத்தன காலத்துக்கு ஆளுவளத் தூக்கிட்டு நடப்பே, சீலி? பட்டம் இருந்தா மேசைக்க பின்னால இருக்கலாம்லா?"

"இத்தன வருசம் இல்லாத அக்கற இப்ப என்னத்துக்கு?"

"சும்மா தோணிச்சு."

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் ஷெரின் ஆஸ்டினில் காலேஜுக்குப் போய் வீடு காலியானதும் பொழுது போகவில்லை போலிருக்கிறது.

மார்ச் 9

பெயர்ச் சிக்கல். டிப்ளமோவில் நான் எச். ஞானசீலி. இங்குள்ள லைசென்ஸில் ஞானசீலி டென்னிசன். அட்மிஷன் ஆபீஸில் எனக்கென்று ஒதுக்கியிருக்கும் பெண் பிரிட்னி. குரலில் எப்போதும் பிறந்தநாள் விழா நடக்கிறது.

"எச் என்பது யார்?"

"என் அப்பா. ஹிலாரி."

"ஓ, அருமை! அவரும் விண்ணப்பிக்கிறாரா?"

அப்பா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது என்றேன். மிகவும் வருந்துவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொன்னாள்.

மார்ச் 17

இன்றைய அறிவிப்பு: ஆங்கிலத் திறன் தேர்வு எழுதிய சான்று வேண்டுமாம். பத்தொன்பது வருடமாக டாக்டர்களிடம் நான் எந்த மொழியில் சண்டை போட்டேன் என்று பிரிட்னியிடம் கேட்டேன். "உங்கள் ஆங்கிலம் பிரமாதம், ஞானா! ஆனால் விதி அப்படி" என்றாள். ஞானா என்று கூப்பிட அவளுக்கு யார் சொன்னது? கடைசியில் வார்டு மேனேஜர் கடிதம் கொடுத்தால் விலக்கு உண்டு என்றாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மீன்குழம்பு அடிப்பிடித்துக் கரிந்துகிடக்கிறது. டென்னிசன் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தி பார்க்கிறார்.

"மூக்க எங்க கழற்றி வச்சிருக்கீங்க?"

"மணம் ஒண்ணும் வரல்லியே."

அடுத்த தெருவில் நெத்திலி வறுத்தால் எழுந்து உட்காருகிற ஆள். மணம் வரவில்லையாம். சட்டியைத் தேய்த்தே கை ஓய்ந்துவிட்டது.

மார்ச் 29

குருத்தோலை ஞாயிறு. கோயிலுக்குப் போனபோது பவனி முடிந்து முதல் வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. காரணம், டென்னிசனின் சட்டைப் பொத்தான். நான் புடவை கட்டி, காரை வெளியே எடுத்து, ஹார்ன் அடித்து, திரும்ப உள்ளே போய்ப் பார்க்கிறேன். மனிதர் மூன்றாவது பொத்தானில் நிற்கிறார். புதுச் சட்டை, ஓட்டை சின்னது என்கிறார். இனி இந்தக் கம்பெனி சட்டை வாங்குவதில்லை.

ஏப்ரல் 7

என் டிப்ளமோவை இந்த ஊர்ப் படிப்போடு ஒப்பிட்டுப் பாடம் பாடமாக மதிப்பிட ஒரு நிறுவனம் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கும்போது செய்த மதிப்பீடு இதற்குச் செல்லாதாம். போன மாதம் அவர்களுக்கு அனுப்பிய உறை இன்று திரும்பி வந்துவிட்டது. முகவரி புரியவில்லை என்று முத்திரை. முகவரியை எழுதியவர் டென்னிசன். பார்த்தேன். முதல் வரி பரவாயில்லை. போகப் போக எழுத்து சின்னதாகிக்கொண்டே போய்க் கடைசி வரி எறும்பு போன தடம்போல் இருக்கிறது. இந்த மனிதரின் கையெழுத்தைப் பார்த்துத்தான் என் அப்பா பெண் கொடுக்கச் சம்மதித்தார்.

"இது என்ன எழுத்து?"

"பேனா செரியில்ல."

"பேனாவுக்கு என்ன?"

பதில் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. இப்போதெல்லாம் எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே பேசுகிறார். காதில் கோளாறா என்று என்னை நானே சோதித்துப் பார்த்துக்கொண்டேன். எனக்கு ஒன்றுமில்லை.

ஒரு மாதம் வீண்.

ஏப்ரல் 20

மதிப்பெண் பட்டியல் என் கையிலிருந்து போகக்கூடாதாம். படித்த பள்ளி நேரடியாக அனுப்ப வேண்டுமாம். ஊரில் தம்பி ஜஸ்டஸை அனுப்பினேன்.

"அக்கா, ஸ்கூல மூடி ஒம்பது வருசம் ஆச்சு. அந்தக் கட்டடத்துல இப்ப ஸ்கேன் சென்டர்."

"பேப்பருவ எல்லாம் எங்க?"

"ஆஸ்பத்திரி ஆபீஸ் பரண்ல கெடக்காம். ஆனா படிச்ச ஆளு நேர்ல வரணும்னு அந்த கிளார்க் அம்மா சொல்லுது."

"நான் அமெரிக்காவுல இருக்கேன்னு சொன்னியா?"

"சொன்னேன். அப்ப லீவுக்கு வரும்போ வரச் சொல்லுங்கன்னு சொல்லுது."

ஜஸ்டஸின் போனிலேயே அந்த அம்மாவைப் பிடித்தேன். அவருடைய அம்மாவுக்கு முழங்கால் மாற்றச் சொல்லியிருக்கிறார்களாம். செய்யலாமா, எத்தனை நாளில் நடக்கலாம், எந்தக் கக்கூஸ் வசதி என்று ஒன்றொன்றாகக் கேட்டார். எல்லாவற்றையும் விளக்கி முடித்தபோது என் தொண்டை வற்றிவிட்டது. "நாளைக்கே எடுத்து அனுப்புகேன் சிஸ்டர்" என்றார். பரணைத் திறந்தது என் டிப்ளமோ அல்ல, ஒரு முழங்கால்.

மே 2

என் காலில் நீலம் பாரித்திருக்கிறது. டென்னிசன் தூக்கத்தில் உதைத்தது. கனவில் நாய் துரத்தியதாம். வாரத்தில் இது மூன்றாவது நாய்.

மே 11

கட்டுரை எழுத வேண்டும். தலைப்பு: நீங்கள் ஏன் நர்ஸாக விரும்புகிறீர்கள்?

விரும்புகிறேனா? இருபத்தெட்டு வருடமாக நான் என்ன செய்துகொண்டிருந்ததாக நினைக்கிறார்கள்? உண்மையை எழுதினால், பக்கத்து வீட்டு ஜாய்ஸ் சேர்ந்தாள், அப்பா என்னையும் கொண்டுபோய்ச் சேர்த்தார், அவ்வளவுதான். அதை எழுதினால் பிரிட்னி மயங்கி விழுவாள்.

டென்னிசன் எதிரில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். "ஒரு ஆளப் பார்த்தா அவருக்கு என்ன கொறைன்னு எனக்கு உடனே தெரியும்னு எழுது" என்றார். "அது உண்மதானே?"

"உண்மதான்."

"அப்ப எழுது."

என்னவோ மாதிரி சிரித்தார். அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

மே 20

வார்டில் என்னோடு வேலை பார்க்கும் லிஸி சேச்சி வீட்டுக்கு வந்திருந்தார். கேரளத்தில் பாலா ஊர்க்காரர். டென்னிசன் தபால் எடுக்க வாசலுக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"சீலி, டென்னிசனு எடத்தே கை வீசுன்னில்லல்லோ. நீ கண்டில்லே?"

"இடது தோள்பட்டையில பிடிப்பு சேச்சி, அதான் கை வீசல்ல. பஸ் ஓட்டுறவங்களுக்கெல்லாம் உண்டு."

"காலும் கொஞ்சம் இழையுன்னுண்டு."

"அது பழைய ஷூ, அதான் கால் இழுக்கு."

லிஸி சேச்சி என் கையைத் தடவிவிட்டுப் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. வார்டில் பார்ப்பது போதாதென்று வருகிற வீட்டிலும் நோயாளி தேடுகிறார்.

மே 28

புது ஷூ வாங்கியாகிவிட்டது. கை இன்னும் வீசவில்லை.

மே 29

விண்ணப்பம் "பரிசீலனையில்" என்று காட்டுகிறது. நேற்றும் அதைத்தான் காட்டியது. கேரட் பொரியல், ரசம். துணி மடித்தேன். வேறு ஒன்றும் எழுத விருப்பமில்லை.

ஜூன் 2

வீட்டுத் தொலைபேசியில் பல்கலைக்கழகத்தைப் பிடித்து, பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். அதற்குள் என் கைபேசி அடித்தது. புது எண். பிரிட்னிதான் வேறு எண்ணிலிருந்து அழைக்கிறாள் என்று எடுத்தேன். பஸ் டிப்போவின் பொறுப்பாளர், மிஸஸ் ஆல்வரெஸ்.

"டென்னிசனுக்கு வெள்ளிக்கிழமை விடைபெறும் விருந்து வைத்திருக்கிறோம். நீங்களும் வரவேண்டும். கேக்கில் அவர் பெயரை எப்படி எழுதுவது, நடுவில் ஒரு 'என்' வருமா, இரண்டா?"

இரண்டு என்றேன். யாருக்கு விடைபெறும் விருந்து என்று கேட்டேன்.

அந்தம்மாள் மெதுவாக, "ஐயோ, உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்" என்றார். மார்ச்சிலிருந்தே டென்னிசன் பஸ் ஓட்டவில்லையாம். நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே சாவியை அந்தம்மாளின் மேசையில் வைத்துவிட்டாராம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு டிப்போவில் ரேடியோவில் டிரைவர்களோடு பேசுகிற வேலை. குரல் கேட்கவில்லை என்று டிரைவர்கள் சொன்னதும் அதையும் தானே விட்டு, பள்ளி வருடத்தோடு நின்றுகொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டாராம். "எங்களில் அவரைப் போல் நேர்மையான ஆள் இல்லை" என்று அந்தம்மாள் அழுதார்.

இன்னொரு காதில் பல்கலைக்கழகத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டையும் வைத்தேன்.

மாலை டென்னிசன் வந்தார். காக்கிச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. மூன்று மாதமாக இதே வேஷம்.

"என்ன சொன்னாரு டாக்டர்?"

பையை மேசையில் வைத்தார். எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

"பார்க்கின்சன். தொடக்கம்தான்னு சொன்னாரு."

"எப்ப?"

"பிப்ரவரி கடைசியில."

"பிப்ரவரி! ஊருல உள்ள ஆல்வரெஸுக்கெல்லாம் தெரியும். நர்ஸு நான், எனக்குத் தெரியாது! என்னை என்னன்னு நெனச்சீங்க?"

"கேளு, சீலி…"

"வாயத் தொறந்து பேசுங்க! ஒண்ணும் கேக்கல்ல!" என்று கத்தினேன். கத்தியபிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. அவர் முயன்று, மூச்சை இழுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகச் சொன்னார்.

"சொன்னா நீ எல்லாத்தையும் தூக்கிப் போட்டிட்டு எனக்க பின்னால வந்து நிப்பே. உனக்கு அட்மிஷன் கெடச்ச பொறவு சொல்லலாம்னு இருந்தேன். இவ்வளவு நாளு இழுப்பாங்கன்னு எனக்குத் தெரியுமா?"

இதற்கும் பிரிட்னிதான் காரணம்.

கரிந்த குழம்பு, பொத்தான், எழுத்து, குரல், உதை, கை. வார்டில் ஒரு நோயாளிக்கு இதில் இரண்டு இருந்தாலே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். வேலைப்பளு அதிகம். இரண்டு வாரமாகத் தொடர்ந்து டியூட்டி. அதனால் கவனிக்கவில்லை.

அப்படித்தான் லிஸி சேச்சியிடமும் சொன்னேன். அவர் ஆமாம் என்றார்.

ஜூன் 5

விருந்துக்குப் போனோம். கேக்கில் பெயரின் நடுவில் மூன்று 'என்' போட்டிருந்தார்கள். டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து இவரைக் கட்டிப்பிடித்தார்கள். கறுத்த உயரமான ஒருவர் என்னிடம், "நீங்கள்தான் அந்த நர்ஸா? பட்டம் வாங்கப் போகிறீர்களாமே! எங்களுக்கெல்லாம் தெரியும்" என்றார். இன்னும் அட்மிஷனே கிடைக்கவில்லை ஐயா என்றேன். டென்னிசன் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 9

"வாழ்த்துகள், ஞானசீலி!" என்று ஈமெயில். திரை முழுக்க வண்ணக் காகிதம் கொட்டுகிறது. சேர்வதற்குச் சம்மதம் சொல்லப் பத்து நாள் தவணை.

வேண்டாம் என்றேன். இவரை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், உடற்பயிற்சி பார்க்க வேண்டும், ஒரே சம்பளத்தில் வீடு ஓட வேண்டும். ஐம்பத்தொரு வயதில் யாருக்கு வேண்டும் பரீட்சை?

"இதுக்குத்தான் நான் சொல்லல்ல" என்றார்.

"ஆமா, நீங்க சொல்லாதது தான் இப்ப பெரிய தியாகம்!"

"எனக்க கை போகுது சீலி. உனக்க முதுகும் போனா ரெண்டு பேரையும் யாரு பாக்கதுக்கு? ஷெரினா?"

அவள் பெயரை எடுத்தது அநியாயம். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

ஜூன் 15

அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பிரிட்னியைக் கேட்டேன். தாராளமாக முடியுமாம். ஆனால் மதிப்பீடு காலாவதியாகிவிடும், பெயர்ச் சான்று, கட்டுரை, ஆங்கிலக் கடிதம் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

மறுபடியும் ஜஸ்டஸ், மறுபடியும் கிளார்க் அம்மா, மறுபடியும் எச் என்பது யார்!

சேர்கிறேன் என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. இன்னொரு தடவை இதையெல்லாம் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது.

ஜூலை 19

இப்போது நான் டென்னிசனிடம் கோபப்படுவதில்லை. அது என் தீர்மானம். வார்டில் எப்படியோ அப்படியே. காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன். நடக்கும்போது, "காலைத் தூக்கி வைங்க, அப்படித்தான், வெரி குட்" என்று சொல்லிக்கொடுத்தேன். சாயா சிந்தினார். "பரவாயில்ல, நான் தொடைக்கேன்" என்றேன். முன்பென்றால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

மனிதர் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திரையினால் இருக்கலாம். டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 24

வகுப்பு தொடங்கியது. அறிமுகப் பகுதியில் எல்லோரும் தங்களைப் பற்றி ஒரு சுவையான செய்தி எழுத வேண்டுமாம். ஒரு பெண் பாராசூட்டில் குதித்திருக்கிறாள். ஒருத்தி வீட்டில் லாமா வளர்க்கிறாள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஷெரின் வயதுதான் இருக்கும். மீன்குழம்பு நன்றாக வைப்பேன் என்று எழுதினேன். ஒன்பது பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

டென்னிசனிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. வீட்டில் சண்டையே இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது. இவ்வளவு அமைதி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் குறை சொல்லவும் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 13

நீண்டகால நோய் உள்ள ஒருவரைப் பேட்டி கண்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கேள்விகளையும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள். லிஸி சேச்சியின் மாமியாரைக் கேட்கலாம் என்றிருந்தேன்.

"இஞ்ச ஒரு ஆளு இருக்கேன்லா" என்றார் டென்னிசன்.

ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசை. தாளை எடுத்துவைத்தேன். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"யாரு கேக்கா? நர்ஸா, பொண்டாட்டியா?"

"மாணவி."

"செரி. அப்ப சொல்லலாம்."

"நோயின் அறிகுறியை முதலில் எப்போது உணர்ந்தீர்கள்?" தாளில் இருப்பதை அப்படியே படித்தேன்.

"போன கிறிஸ்துமஸுக்கு முன்னால. பிள்ளைங்க பஸ்ஸுல ஏறும்போ எனக்க கையில ஒரு தட்டு தட்டிட்டு ஏறும். ஒரு சின்னவ, ரெண்டாங்கிளாஸ், 'மிஸ்டர் டி, உங்க கை டான்ஸ் ஆடுது'ன்னு சொல்லிச்சு. எல்லாம் சிரிச்சிது. நானும் சிரிச்சேன். பொறவு பஸ்ஸ எடுக்க முடியல்ல கொஞ்ச நேரம்."

எழுதினேன்.

"முதலில் யாரிடம் சொன்னீர்கள்?"

"ஆல்வரெஸ் அம்மாகிட்ட."

"ஏன்?"

"அது தாள்ல இருக்கா?"

"இல்ல."

"அப்ப அடுத்த கேள்வி கேளு."

கேட்டேன். தூக்கம், உணவு, நடை. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். கடைசிக் கேள்வி: "இந்த நோய் குறித்து உங்கள் மிகப்பெரிய அச்சம் என்ன?"

இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டார். அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"விழுந்திருவேன்னு இல்ல. கெடையில கெடப்பேன்னும் இல்ல. எனக்க பொண்டாட்டி நல்ல நர்ஸு. வார்டுல அவ பேசுறத நான் கேட்டிருக்கேன். எவ்வளவு மோசமான ஆளுகிட்டயும் கோவப்படமாட்டா. கோவமெல்லாம் வீட்டுல வந்து என்கிட்ட மட்டுந்தான் படுவா. இருபத்துமூணு வருசம் அப்பிடித்தான். இப்ப ரெண்டு மாசமா அவ என்கிட்டயும் பொறுமையா பேசுகா. வெரி குட்னு சொல்லுகா." குரல் இறங்கிக்கொண்டே போனது. குனிந்து காதைக் கொடுத்தேன். "நர்ஸு கெடச்சிட்டு. பொண்டாட்டி போயிருவாளோன்னுதான் பயம்."

தாளில் மூன்று வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். பின்பக்கம் திருப்பி எழுதினேன். எழுத்து கோணலாகப் போனது. என்னுடைய எழுத்து.

செப்டம்பர் 22

மதிப்பெண் வந்துவிட்டது. தொண்ணூறு. ஆசிரியையின் குறிப்பு: "மிக ஆழமான பேட்டி. நோயாளிக்கும் உங்களுக்குமுள்ள உறவு என்ன என்ற கட்டத்தை நிரப்பாததால் பத்து மதிப்பெண் குறைக்கப்பட்டது."

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

டென்னிசனுக்குத்தான் தாங்கவில்லை. "அதெப்பிடி கொறைக்கலாம்? முழு மார்க் தரணும். எழுதிக் கேளு. இல்லேன்னா அந்த பிரிட்னிக்கு போன் போடு" என்று காலையிலிருந்து வீட்டுக்குள் அங்குமிங்கும் நடக்கிறார். கையில் சாயா. நடக்கிற வழியெல்லாம் சொட்டு.

"தரையெல்லாம் சாயா! கண்ணு தெரியல்லியா? இப்பதான் தொடச்சு விட்டேன்! ஒரு எடத்துல இருந்து குடிச்சா என்ன, சாயா ஓடியா போகுது? மாத்திரை போட்டாச்சா? அதுவும் இல்ல! உங்களோட மாரடிக்கதுக்கே எனக்கு ஒரு பட்டம் தரணும்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். டென்னிசன் உட்கார்ந்தார். மாத்திரையைப் போட்டார். காலைப் பலகாரம் புட்டு. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.